ஃபேன்டசி பேஸ்பால்: அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் ஹிட்டர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபேன்டசி பேஸ்பால் என்பது நிஜ அமெரிக்க பேஸ்பால் வீரர்களை எடுத்து ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் சீசனில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு. ஆள் எடுக்கும் நாள்தான் டிராஃப்ட், எல்லா அணிகளும் ஆளுக்கொருவரை எடுத்து முடித்தால் ஒரு ரவுண்டு. நட்சத்திர ஹிட்டர் ஏரன் ஜட்ஜ் நன்றாக அடிப்பார் என்பது உங்கள் லீக்கில் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் முதல் ரவுண்டிலேயே போய்விடுகிறார். எட்டாவது ரவுண்டில் கிடைத்து, நான்காவது ரவுண்டு ஆளைப் போல விளையாடுகிறவர்தான் நமக்கு வேண்டும். அவரைத் தேட நான் ஒவ்வொரு மார்ச்சிலும் செய்கிற வேலை இதுதான். 12 அணிகள், ஸ்னேக் டிராஃப்ட் (எடுக்கும் வரிசை ரவுண்டுக்கு ரவுண்டு தலைகீழாகும்), ஹிட்டர்களுக்கு ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (அடித்து மற்றவர்களை ஓடி முடிக்க வைத்த ரன்கள்), ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்), பேட்டிங் ஆவரேஜ் (ஹிட் அடித்த விகிதம்) என்ற ஐந்து பிரிவுகள் கொண்ட ரோட்டோ லீக்கை (ஒவ்வொரு பிரிவிலும் பிடிக்கும் இடத்துக்குப் புள்ளி) மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: லீக் விதிகளைப் படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை. கைல் ஷ்வார்பர் 2023-ல் 47 ஹோம் ரன் அடித்தார், ஆவரேஜ் 0.197. ஆவரேஜ் பிரிவு உள்ள லீக்கில் அந்த எண் உங்களைக் கீழே இழுக்கும். ஆவரேஜுக்குப் பதிலாக ஆன்-பேஸ் சதவீதத்தை (எப்படியாவது பேஸை எட்டிய விகிதம்) எண்ணும் லீக்கில் அதே ஆள் 0.343, ஏனென்றால் அந்த சீசனில் 126 வாக் (அடிக்காமலே கிடைக்கும் இலவச பேஸ்) வாங்கினார். ஆள் அதேதான், விலை வேறு.

படி 2: கணிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்

ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஸ்டீமர், ஜிப்ஸ், தி பேட், ஏடிசி என்று பல கணிப்புகள் இருக்கின்றன. நான் ஏடிசி-யைத்தான் எடுப்பேன். அது மற்ற கணிப்புகளை எடை போட்டுக் கலந்து தருகிறது. தனி ஒரு கணிப்பின் கிறுக்குத்தனம் அதில் அடங்கிவிடும். கடந்த சீசனின் எண்களை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதை விட்டுவிடுங்கள், லீக்கில் மற்றவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

அதே தளத்தில் ஏலக் கால்குலேட்டர் ஒன்று உண்டு. அணிகளின் எண்ணிக்கை, பிரிவுகள், அணிக்கு 260 டாலர் என்ற வழக்கமான பட்ஜெட் எல்லாவற்றையும் கொடுத்தால், ஒவ்வொரு வீரருக்கும் டாலர் மதிப்பு போட்டுத் தரும். நமது லீக்கில் ஏலம் இல்லாவிட்டாலும் இந்த டாலர் தேவை. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: இடைவெளியைக் கணக்கிடுங்கள்

என்னை அதிக நேரம் உட்கார வைத்த படி இது. பலரும் ஏடிபி-யிலிருந்து (சராசரியாக எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்ற எண்) வீரரின் தரவரிசையைக் கழித்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் மலிவு என்று முடிவு கட்டுவார்கள். அப்படிச் செய்தால் பட்டியலின் உச்சியில் கடைசி ரவுண்டு ஆட்களாக வந்து நிற்பார்கள். 290-வது ஆள் 230-வது ஆளாக இருக்க வேண்டியவர் என்று தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? இருவருக்கும் மதிப்பு ஏறக்குறைய ஒரு டாலர்தான்.

டாலர் மதிப்பு மேலே செங்குத்தாக இறங்கி, கீழே தட்டையாகிவிடும். ஒரு பேச்சுக்கு, 10-வது இடத்தின் மதிப்பு 32 டாலர், 30-வது இடத்தின் மதிப்பு 21 டாலர் என்று வையுங்கள். அங்கே 20 இடம் என்பது 11 டாலர். 210-க்கும் 230-க்கும் நடுவில் அதே 20 இடம் ஒரு டாலர்கூடத் தேறாது.

அதனால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இப்படிச் செய்யுங்கள். எல்லா வீரர்களையும், பிட்சர்களையும் (பந்து எறிபவர்கள்) சேர்த்து, டாலர் மதிப்புப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை கிடைத்துவிட்டது. ஒரு ஹிட்டரின் ஏடிபி 95 என்றால், உங்கள் வரிசையில் 95-வது இடத்தில் இருப்பவரின் டாலரைப் பாருங்கள். அதுதான் நீங்கள் கொடுக்கப்போகும் விலை. ஹிட்டரின் சொந்த டாலரிலிருந்து அதைக் கழியுங்கள். மூன்று, நான்கு டாலருக்கு மேல் மிஞ்சினால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏடிபி-யை உங்கள் லீக் நடக்கும் தளத்திலிருந்தே எடுங்கள். யாஹூவில் ஆடிக்கொண்டு வேறு தளத்தின் ஏடிபி-யை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. நண்பர்கள் லீக்கில் பெரும்பாலானோர் திரையில் மேலே தெரியும் பெயரைத்தான் அழுத்துவார்கள்.

படி 4: ஏன் மலிவு என்று கேளுங்கள்

இங்கே பேஸ்பால் சவான்ட் தளம் வேண்டும். பந்து மட்டையிலிருந்து எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் போனது என்பதை 2015 முதல் ஸ்டாட்காஸ்ட் அளக்கிறது. அதிலிருந்து வருவதுதான் எக்ஸ்-வோபா (ஒட்டுமொத்த அடிதிறன்), எக்ஸ்பிஏ (ஆவரேஜ்) போன்ற 'வந்திருக்க வேண்டிய' எண்கள்.

பாடப்புத்தக உதாரணம் கோரி சீகர். 2022-ல் 33 ஹோம் ரன் அடித்தும் ஆவரேஜ் 0.245. ஹோம் ரன் தவிர, அடித்து மைதானத்துக்குள் போன பந்துகளில் ஹிட் ஆனவற்றின் விகிதமான பாபிப் 0.242. எல்லா வீரர்களின் சராசரி 0.290-ஐ ஒட்டி இருக்கும். இடது கை ஆட்டக்காரர் என்பதால் வலது பக்கம் ஃபீல்டர்களைக் குவித்து அவர் அடித்ததையெல்லாம் பிடித்தார்கள். 2023-ல் ஷிஃப்ட் என்ற அந்த உத்திக்குத் தடை வந்தது. அந்த சீசனில் 119 ஆட்டங்களிலேயே மறுபடி 33 ஹோம் ரன், ஆவரேஜ் 0.327. மோசமான எண்ணும், அதற்கு ஒரு காரணமும், அந்தக் காரணம் விலகும் என்ற செய்தியும் ஒன்றாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

பாபிப் குறைவு என்றதுமே துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. மெதுவாக ஓடி, பந்தை உயரத் தூக்கி அடிக்கிறவருக்கு அது எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். அவருடைய சொந்தப் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

எக்ஸ்-வோபாவையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். பந்து எந்தத் திசையில் போனது என்பதை அது பார்ப்பதில்லை. ஐசாக் பரேடஸ் 2023-ல் டாம்பா பேவுக்காக 31 ஹோம் ரன் அடித்தார். பந்து வேகம் சாதாரணம்தான், ஆனால் வேலி பக்கத்தில் இருக்கும் இடது ஓரமாகவே இழுத்து அடித்தார். சவான்ட் பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் அவரை அதிர்ஷ்டக்காரர் என்றே நினைத்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 2023-ல் கோடி பெலிஞ்சர் 0.307 அடித்தபோது, பலமாக அடித்த பந்துகள் குறைவு. அடுத்த சீசன் 0.266.

ஸ்டீல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ் பெரிதாகி, பிட்சர்கள் ரன்னரை நோக்கி எறிவதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, மொத்த ஸ்டீல் 2022-ன் 2,486-லிருந்து 2023-ல் 3,503 ஆனது. 20 ஸ்டீலுக்கு இப்போது பழைய மவுசு இல்லை. ஓட மட்டுமே தெரிந்த ஆளுக்கு ஆறாவது ரவுண்டைக் கொடுக்காதீர்கள்.

பேட்டிங் வரிசையையும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வோர் இடம் கீழே இறங்கும்போதும் சீசனுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 வாய்ப்புகள் போகும்.

படி 5: டிராஃப்ட் அன்று

குறித்து வைத்த ஹிட்டரின் மதிப்பு நான்காவது ரவுண்டு என்பதால் நான்காவதிலேயே எடுத்தால், மலிவு எங்கே இருக்கிறது? ஏடிபி எட்டாவது ரவுண்டு என்றால் ஏழாவதில் எடுங்கள். கை தவறிப் போனாலும் பரவாயில்லை, பட்டியலில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள்.

பின்சேர்க்கை

ஷீட்டில் சிலருக்கு மட்டும் மதிப்பு வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஏடிபி அட்டவணையில் இருக்கும் பெயரும் கணிப்பில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தாததுதான் காரணம். அகுன்யா, ராமிரெஸ் போன்ற பெயர்களில் எழுத்தின் மேல் வரும் குறி ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. 'ஜூனியர்' ஒட்டும் இதே வம்புதான். பெயருக்குப் பதிலாக வீரரின் அடையாள எண்ணை வைத்து இணையுங்கள். மேக்ஸ் மன்சி என்ற பெயரில் டாட்ஜர்ஸில் ஒருவர், அத்லெட்டிக்ஸில் ஒருவர் இருக்கிறார்கள். பெயரை வைத்துத் தேடினால் ஷீட் முதலில் கண்ணில் படுகிற மன்சியின் மதிப்பையே இருவருக்கும் கொடுத்துவிடும்.