மணற்காட்டு மணல்மேடுகளில் நடக்கச் செல்வோருக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தின் வடமராட்சி கிழக்கில், பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே உள்ள மணற்காட்டு மணல்மேடுகளை நடந்தே பார்க்க விரும்புவோர், விடியற்காலை ஆறு மணிக்கே புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் சவுக்கந்தோப்பின் நிழலுக்குள் வந்துவிடும்படி திட்டமிட வேண்டும். பத்து மணிக்குப் பின் வெறுங்காலை ஊன்ற முடியாத அளவுக்கு மணல் சுட்டுவிடும். இளகிய மணலில் ஏறுவதும் சமதரையில் நடப்பதைவிட இரட்டிப்பாகக் களைப்பூட்டும்.

செருப்பைத் தவிர்த்து, மூடிய சப்பாத்து அணிவதே நல்லது. அங்கே மணலைப் பற்றிப் படரும் இராவணன் மீசை என்னும் புல்லின் முட்பந்துகள் காற்றில் உருண்டு வந்து கிடக்கும். அவற்றின் ஊசிமுனைகள் குதிகாலில் ஏறினால் அன்றைய நடை அத்துடன் முடிந்துவிடும். ஆயினும் அந்தப் புல்லைப் பிடுங்கிவிடாதீர்கள், மேட்டைக் கலையாமல் காப்பது அதன் வேர்தான்.

மழைநீர் இம்மணலினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. மணலை அள்ளுவதும் குப்பையைப் புதைப்பதும் அந்த நீரையே கெடுக்கும். குடிப்பதற்கு ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும், ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டு செல்லுங்கள்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் காலடித் தடங்கள் விரைவில் அழிந்துவிடும் என்பதால், திரும்பும் திசைக்கு மணலில் புதையுண்ட பழைய தேவாலயத்தின் இடிபாட்டை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.