ஊர்சுற்றும் பிக்கு: கேம் மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் நம் பிள்ளைகள் கூடி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடும் ஆர்.பி.ஜி. மேசைகளில் ‘மங்க்’ (துறவி) என்ற க்ளாஸுக்கு, அதாவது அந்தக் கதாபாத்திர வகைக்கு, எப்போதும் கிராக்கி உண்டு. காலையில் வாசலுக்கு வந்தாலே துவராடையோடு பிக்குகள் வரிசையாகப் போவதைப் பார்க்கிற ஊர் இது. உருவத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் டைஸைக் கையில் எடுத்ததும் அந்த ஆடைக்குள் ஒரு குங்ஃபூ வீரனைத் திணித்துவிடுகிறார்கள்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி.யில் இந்த க்ளாஸ் 1975-இல் பிளாக்மூர் துணைநூலில் முதலில் வந்தபோதே வெறுங்கையால் அடிக்கிற ஆள்தான். இன்றும் அப்படியே: கவசம் இல்லாமலே தற்காப்பு, ஐந்தாம் லெவலில் எதிரியை விறைத்து நிற்கவைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக். நல்ல க்ளாஸ், சீன மடத்து வீரனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பெயருக்கு முன்னால் ‘ஊ’ என்ற பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்துவிட்டு, கதாபாத்திர விவரம் எழுதிய அதே ஷீட்டை பர்மியத் தேரவாத பிக்குவுக்குக் கொடுத்தால் மட்டும் ஒட்டாது. மனிதக் கொலை அவருக்குப் பாராஜிகம். அதைச் செய்த கணமே அவர் பிக்கு இல்லை. முதல் சண்டையிலேயே இரண்டு கொள்ளைக்காரர்களைச் சாய்த்துவிட்டால் அப்புறம் எந்த க்ளாஸை ஆடுவது?

அடுத்தது விநயம் எனும் பிக்கு ஒழுக்க விதிகளை வெறும் மைனஸாக எழுதுவது. ‘காசு தொடக் கூடாது, மதியத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது, சரி, மைனஸ் இரண்டு’ என்று முடித்துவிடுகிறார்கள். பிக்குவுக்கான விதிகள் 227. அவற்றில் நாலைந்தை எடுத்தாலே ஒரு வருஷத்துக்குக் கதை ஓடும். மண்ணைத் தோண்டுவது குற்றம். புதையல் இருக்கும் இடம் பார்ட்டியில் (சேர்ந்து பயணிக்கும் குழுவில்) இவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். செடிகொடியை வெட்டுவதும் குற்றம். காட்டுவழியில் அரிவாள் பிடிக்க வேறொருவர் வேண்டும். தக்க காரணம் இருந்தால் படையோடு தங்கலாம், அதுவும் இரண்டு மூன்று இரவுதான். நாலாம் நாள் போர் தொடங்குவதுபோல் வைத்துப் பாருங்கள்.

வருஷம் முழுக்க நடந்துகொண்டே இருப்பார் என்று நினைப்பதும் தவறு. பர்மிய வாசோ மாதப் பௌர்ணமியிலிருந்து தடின்ஜூட் மாதப் பௌர்ணமி வரை மூன்று மாதம் மழைக்காலத் தங்கல். அவசர வேலை என்றால் ஏழு நாளுக்குள் போய்த் திரும்பிவிடலாம். அந்த ஏழு நாளை வைத்தே ஒரு முழு சாகசம் எழுதலாம்: போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவில் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது.

பிச்சையில் நாம் தமிழர்கள் தனியாகச் சறுக்குவோம். பண்டாரத்தையும் பரதேசியையும் கதைகேட்டு வளர்ந்ததால், ஷீட்டில் கமண்டலம், ருத்ராட்சம், திருவோடு எல்லாம் ஏறிவிடுகின்றன. ஊருக்குள் நுழைந்ததும் ஆடுகிற தம்பி “அம்மா தாயே” என்று குரல் கொடுக்கிறான். பிக்கு கேட்க மாட்டார். செருப்பில்லாமல் வந்து, கண்ணைத் தாழ்த்தி, பேசாமல் நிற்பார். விழுவதை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மீன்குழம்பு விழுந்தால் அதுவும் சாப்பாடுதான். தனக்காகக் கொன்றது என்று கண்டோ கேட்டோ சந்தேகித்தோ இருந்தால்தான் மறுக்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரர் என்று எழுதிவைப்பது நம் வீட்டுப் பழக்கத்தை அவர் தலையில் கட்டுவது.

மேசையில் இதை இப்படி ஆடிப் பாருங்கள். ஆடுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் கேம் மாஸ்டர் ஒரு டைஸ் உருட்டி, பாத்திரத்தில் என்ன விழுகிறது என்று மட்டும் சொல்லட்டும். முதல் வீட்டில் சூடான சோறு. இரண்டாம் வீட்டில் போடுகிற பெண்ணின் கை நடுங்குகிறது. மூன்றாம் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை, ஆனால் அடுப்புப் புகை வருகிறது. ஒற்றனை அனுப்பினாலும் இவ்வளவு தெரியாது. பார்ட்டியில் வேறு யாருக்கும் இல்லாத திறமை இது; இதற்கு லெவல் கொடுங்கள்.

அவருடைய கடைசி ஆயுதமும் அந்தப் பாத்திரம்தான். பிக்கு சங்கத்துக்குத் தீங்கு செய்தவரிடம் தானம் வாங்க மறுத்துப் பாத்திரத்தைக் கவிழ்ப்பது விநயத்திலேயே இருக்கும் வழக்கம். 1990-இல் மாண்டலேயிலும், பகோக்கூவில் பிக்குகள் அடிபட்ட பிறகு 2007-இலும் ராணுவ ஆட்சிக்கு எதிராக இந்த நாடே அதைப் பார்த்தது. கேமில் இதை ஸ்பெல் மாதிரி நினைத்த நேரம் போட விடாதீர்கள். தனி ஆள் எடுக்கும் முடிவு இல்லை அது, சங்கம் கூடி எடுப்பது. கேமில் வரும் அரசனுக்கு ஒரு ஹிட் பாயிண்ட்கூட (உயிர்ப்புள்ளி) குறையாது; புண்ணியம் சேர்க்கும் வழி அடைபட்டுப்போகும், அவ்வளவுதான். காவலாளிகள் முகத்தில் அது தெரியட்டும்.

மந்திரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. ராஜகிருகத்துச் செல்வர் ஒருவர் சந்தனப் பாத்திரத்தை உயரத்தில் கட்டி, சக்தியுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிண்டோல பாரத்வாஜர் பறந்துபோய் எடுத்தார். புத்தர் பாராட்டவில்லை, கண்டித்தார். பாத்திரத்தை உடைத்துக் கண்மருந்துக்கு அரைக்கச் சொன்னார். சக்தியை இல்லறத்தார் முன் காட்டக் கூடாது என்ற விதி அப்படி வந்தது. அதனால் பறக்கும் திறமையைக் கொடுக்கலாம், இல்லறத்தார் யாராவது பார்த்தால் குற்றம் என்றும் எழுதிவிடுங்கள். ஊரறியப் பறந்தே ஆக வேண்டுமா? சிவப்பு உடையும் கைக்கோலுமாகக் காட்டில் ரசவாதம் செய்யும் ஸோஜி பர்மியக் கதைகளில் இருக்கிறாரே, அவரை ஆடுங்கள். இல்லையென்றால் நம் மணிமேகலை. உருமாறவும் வான்வழி போகவும் பசியைத் தீர்க்கவும் மூன்று மந்திரங்கள், கையில் அமுதசுரபி. ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகே அது வற்றாமல் சுரக்கத் தொடங்கியது. மாயப்பொருளை இப்படித்தான் எழுத வேண்டும்: எடுத்தவுடன் வேலை செய்யாது, சரியான ஆளைத் தேடி அலையவைக்கும்.

பெண் கதாபாத்திரத்துக்கு இளஞ்சிவப்பு உடுத்தும் பர்மியப் பெண்துறவிகளான திலாஷின்களைப் பாருங்கள். சீலங்கள் குறைவு, சமைக்காத அரிசியும் காசும் தானமாக வாங்குவார்கள். பார்ட்டியின் பணப்பையை நம்பிக் கொடுக்கலாம்.

படத்தில் மட்டும் விளையாட வேண்டாம். புத்தர் உருவத்தை ஷீட்டிலோ போஸ்டரிலோ வேடிக்கையாகப் போடாதீர்கள். ஹெட்போன் மாட்டிய புத்தர் படத்தை மதுக்கடை விளம்பரத்துக்குப் போட்ட மூன்று பேருக்கு 2015-இல் இதே ரங்கூனில் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆடுகிறவருக்கு இத்தனை விதியும் சலித்துப்போனால் கட்டாயப்படுத்தாதீர்கள். பர்மாவில் துவராடையைக் களைந்துவிட்டு வருவதும், பிறகு மறுபடி உடுத்துவதும் சாதாரணம். துறவை விடுகிறேன் என்று விவரம் புரிந்த ஒருவர் முன்னால் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வாரம் ஃபைட்டராக வந்து உட்காரலாம். பாராஜிகம் செய்தவருக்கு மட்டும் திரும்பும் வழி கிடையாது; ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளை எழுத வேண்டியதுதான்.