மவுஸ் தானாக நகர்கிறது, எழுத்து தானாக விழுகிறது: எங்கிருந்து தேடுவது?

மவுஸ், கீபோர்டு இரண்டிலிருந்தும் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் திரையை மட்டும் பாருங்கள். எதையும் அழுத்த வேண்டாம்.

அம்புக்குறி நடுங்குகிறதா? ஒரு மூலைப் பக்கம் மெல்ல நழுவுகிறதா? ஒரே எழுத்து வரிசையாக விழுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கும், இல்லையென்றால் அழுக்கு. ஆனால் அம்புக்குறி நேராக ஒரு ஃபோல்டருக்குப் போய்த் திறக்கிறது, பிரவுசரில் ஏதோ தேடுகிறது என்றால் விஷயம் வேறு, வேறொருவர் இணையம் வழியாக உங்கள் கணினியை இயக்கிக்கொண்டிருக்கலாம். கெட்டுப்போன மவுஸுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாது.

விண்டோஸ் கணினியை வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: இணையத்தை வெட்டுங்கள்

லேன் வயர் என்றால் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரூட்டரையே அணையுங்கள். திரையில் வைஃபை பட்டனைத் தேடிப் போக வேண்டாம். உள்ளே உண்மையிலேயே ஒருவர் இருந்தால், அம்புக்குறிக்காக அவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இணையம் போன பிறகும் ஆட்டம் தொடர்ந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். காரணம் உங்கள் மேஜை மேலேயே இருக்க வாய்ப்பு அதிகம். நின்றுவிட்டால் அதை வைத்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம், பழுதும் விட்டுவிட்டுத்தான் வரும். நோக்கத்தோடு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் மறுபடி இணைக்காமல் நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடுங்கள்.

படி 2: வெளியே செருகியதை எல்லாம் கழற்றுங்கள்

எல்லாம் என்றால் எல்லாம்தான். மவுஸ், கீபோர்டு, கேம் கன்ட்ரோலர், வரைபலகை, பின்பக்கம் செருகிய நாளிலிருந்து மறந்துபோன வயர்லெஸ் டாங்கிள் (வயரில்லா மவுஸ், கீபோர்டின் சிக்னலைப் பெறும் குட்டிச் செருகி) வரைக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பாருங்கள். இரண்டை ஒன்றாகச் செருகினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

டாங்கிளைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை என் கணினியில் பாதி எழுதிய கடிதத்துக்குள் திடீர் திடீரென்று இடைவெளிகள் விழுந்தன. வைரஸ் என்று முடிவுகட்டி இரண்டு மாலைப் பொழுதை ஸ்கேன் செய்தே கழித்தேன். கடைசியில் பார்த்தால், பழைய வயர்லெஸ் கீபோர்டு ஒன்று அலமாரியில் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. அதன் டாங்கிள் இன்னும் கணினியின் பின்னால் செருகியே இருந்தது. நான் ஒரு புத்தகத்தை எடுத்து வைக்கும்போதெல்லாம் ஸ்பேஸ் பார் அழுந்தியிருக்கிறது!

மவுஸ்தான் காரணம் என்று தெரிந்தால், தூக்கி எறியும் முன் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சின்னக் குழி, அதற்குள் விளக்கும் சென்சாரும் இருக்கும். சென்சார் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கீழே உள்ள பரப்பைப் படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நகர்வைக் கணக்கிடுகிறது. அந்தக் குழியில் ஒரே ஒரு முடி ஆடிக்கொண்டிருந்தால் போதும், மவுஸ் நகர்வதாக அது நினைத்துக்கொள்ளும். ஊதி, காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கண்ணாடி மேஜை, பளபளப்பான பரப்பு என்றால் ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பக்கம் மட்டும் தானாக மேலே கீழே ஓடுகிறதா? மவுஸின் சக்கரத்தைத் தெரியாமல் அழுத்தியிருப்பீர்கள். பிரவுசரில் அது தானாக உருட்டும் வசதி. மறுபடி ஒரு கிளிக், நின்றுவிடும்.

கீபோர்டைச் சந்தேகித்தால், திரைக் கீபோர்டைத் திறந்து வையுங்கள். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். உண்மையான கீபோர்டில் அழுந்தும் விசை அதில் ஒளிரும். நீங்கள் தொடாமலே ஒன்று ஒளிர்ந்தால் அந்த விசை சிக்கியிருக்கிறது. கீபோர்டு விசித்திரமாக நடந்துகொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷிஃப்டை ஐந்து முறை அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ், வலது ஷிஃப்டை எட்டு நொடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்று வசதிகள் வந்து நிற்கும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய் அணைத்துவிடலாம்.

படி 3: லேப்டாப் என்றால் டச்பேடும் திரையும்

சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் சார்ஜரோ, அந்த பிளக்கின் எர்த்தோ சரியில்லை. டச்பேடு விரல் பட்டதும் ஏற்படும் சிறு மின் மாற்றத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. கசியும் மின்சாரமும் ஈரக்கையும் அதைக் குழப்பிவிடும்.

டச்பேடு சற்றே மேடாகத் தெரிகிறதா, லேப்டாப்பின் மூடி சரியாக மூடவில்லையா? அடியில் பேட்டரி வீங்கியிருக்கலாம். இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அணைத்து, சார்ஜ் போடாமல், அழுத்தாமல், பேட்டரியை மாற்றக் கொடுத்துவிடுங்கள்.

தொடுதிரை உள்ள கணினி என்றால் டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவி) 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்பதன் கீழ் டச் ஸ்கிரீனைத் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். யாரும் தொடாமலே தொட்டதாகத் திரை நினைத்துக்கொள்ளும் இந்தக் கோளாறைத்தான் பேய்த்தொடுதல் என்று கிண்டலாகச் சொல்வார்கள்.

இன்னும் புலப்படவில்லையா? கணினியை மறுபடி இயக்கி, விண்டோஸ் எழும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்பு மெனுவுக்குள் போய்ச் சும்மா இருங்கள். அங்கே விண்டோஸே கிடையாது. அங்கேயும் தேர்வு தானாக இறங்கிக்கொண்டே போனால் வன்பொருள் பழுதுதான், வைரஸ் ஸ்கேனை நிறுத்திவிடலாம்.

படி 4: நள்ளிரவில் தானாக விழிக்கும் கணினி

இதில் பயப்பட ஒன்றுமில்லை. கணினியில் நடந்ததைப் பதிவு செய்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய், 'பவர்-ட்ரபிள்ஷூட்டர்' என்ற பெயருள்ள பதிவைத் திறங்கள். 'வேக் சோர்ஸ்' என்ற வரியில் எழுப்பியவரின் பெயர் பெரும்பாலும் இருக்கும். மவுஸ் என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தில் கணினியை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். டைமர் என்றால் பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களை அணையுங்கள். காலையில் பார்த்தால் திறந்து வைத்ததெல்லாம் மூடிக் கிடக்கிறதா? அப்டேட் முடித்து மறுதொடக்கம் ஆகியிருக்கும். ஆக்டிவ் ஹவர்ஸை, அதாவது நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தை, அப்டேட் அமைப்பில் சரியாக வையுங்கள்.

படி 5: உண்மையிலேயே வேறொருவர் என்றால்

தொலைவிலிருந்து கணினியை இயக்க விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாராவது நுழைந்தால் வழக்கமாக உங்கள் திரை பூட்டிக்கொள்ளும். கண் முன்னாலேயே அம்புக்குறி போகிறது என்றால் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, அதே வேலையைச் செய்யும் மென்பொருளைத்தான் முதலில் தேட வேண்டும். அவை நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் மோசடிக்காரர்களுக்கும் அவை பிடிக்கும். சமீபத்தில் போனில் யாரோ 'உதவி' செய்கிறேன் என்று எதையாவது நிறுவச் சொன்னார்களா என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, தெரியாததை நீக்குங்கள். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். இதே கணினியில் மாற்றினால் புதுக் கடவுச்சொல்லையும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.