சிங்கப்பூரின் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை மாற்றலாகிச் சிங்கப்பூருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளையை அனைத்துலகப் பள்ளியில் சேர்ப்பதா, கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பதா என்பதைப் பெரும்பாலும் கட்டணத்தை மட்டும் வைத்தே முடிவு செய்கின்றன. சிறு வயதிலேயே அங்கு வந்து, சில ஆண்டுகளாவது தங்கப்போகும் பிள்ளைக்கு உள்ளூர்ப் பள்ளியே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நல்ல முடிவைக் கெடுத்துவிடும் தவறுகள் பெரும்பாலும் பிள்ளையின் வயதையும் தங்கப்போகும் காலத்தையும் சரியாகக் கணக்கிடாததால் நேர்பவை.

இவற்றில் முதலாவது, இடம் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணுவது. கட்டாயக் கல்விச் சட்டம் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கே பொருந்தும். தொடக்கநிலை ஒன்று எனப்படும் முதல் வகுப்புக்கான பதிவு பல கட்டங்களாக நடக்கும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முதல் கட்டங்களில் பதிந்து முடித்த பிறகு, எஞ்சும் இடங்களே மூன்றாம் கட்டத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. அதற்கும் முன்கூட்டியே இணையத்தில் விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் அந்த ஆண்டு வாய்ப்பு போய்விடும். தொடக்கநிலை இரண்டு முதல் ஐந்து வரையிலும், தொடக்கநிலை ஆறுக்குப் பின் வரும் உயர்நிலை ஒன்று முதல் மூன்று வரையிலும் சேர விரும்புவோர், வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும். ஏஇஐஎஸ் எனப்படும் இத்தேர்வு பொதுவாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கிறது. தேறியவர்கள் அடுத்த ஜனவரியில் வகுப்பில் சேரலாம். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. எந்தப் பள்ளி என்பதையும் அமைச்சே முடிவு செய்யும். ஆகவே ஒரு பெயர்பெற்ற பள்ளியை மனத்தில் வைத்து, அதன் அருகிலேயே வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டுத் தேர்வுக்குக் காத்திருப்பது வீண் செலவு. தொடக்கநிலை ஆறுக்கு இந்தத் தேர்வு வழியே சேர முடியாது என்பதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டு தவிக்கும் பெற்றோரும் உண்டு.

வகுப்பு எண்ணை வைத்துக் கணக்கிடுவது அடுத்த தவறு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வீட்டில் பெரும் மனவருத்தத்துக்கு இதுவே காரணமாகிறது. சிங்கப்பூரில் ஒரு பிள்ளை ஏழு வயதாகும் ஆண்டின் ஜனவரியில்தான் தொடக்கநிலை ஒன்றில் சேரும். 2018 ஜூனில் பிறந்த குழந்தை தமிழகத்தில் 2023 ஜூனிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, 2025 ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கலாம். அதே குழந்தை சிங்கப்பூரில் 2025 முழுவதும் தொடக்கநிலை ஒன்றில் இருக்கும். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பெற்றோர் குமுறுவதும், அதைப் பிள்ளையின் காதுபடவே பேசுவதும் வேண்டாத வேலை. பிள்ளை அங்கு தன் வயதொத்தவர்களோடுதான் இருக்கிறது. எந்த ஊர்ப் பள்ளிக்கு வந்தாலும் புதியவர்களுக்குத் தேவைப்படும் மூச்சுவிடும் நேரமும் அதற்குக் கிடைக்கிறது.

பாடம் எளிதாக இருக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறுதான். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் தேர்வுகள் இல்லை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையும் மதிப்பெண் புத்தகத்தில் போடுவதில்லை. அதனால் இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டு, அறிவியலும் தேர்வுகளும் தொடங்கும் தொடக்கநிலை மூன்றில் பலர் திடுக்கிடுகிறார்கள். குறிப்பாகக் கணக்கு. வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பிக்கும் நம் பிள்ளைகள், நான்கைந்து வரிகளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு சூழலைப் படித்து, அதைப் பட்டைப் படமாக (அளவுகளைக் கட்டங்களாகக் காட்டும் படமாக) வரைந்து, படிப்படியாக விடை காணும் முறையில் தடுமாறுகிறார்கள். கணக்கு வரவில்லை என்று பெற்றோர் நினைக்கும் இடத்தில் உண்மையில் வாசிப்பு போதாமல் இருக்கும். துணைப்பாட வகுப்பு தேடி அலைவதற்கு முன், தினமும் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து ஆங்கிலக் கதைகளை வாசியுங்கள்.

தமிழை விட்டுவிடுவதே எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தமிழ் அந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. உள்ளூர்ப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தொடக்கநிலை ஒன்றிலிருந்தே அதைப் படிக்கலாம். இந்தியாவில் இந்தியோ பிரெஞ்சோ படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது என்று சொல்லி, விலக்குக் கேட்கவோ வேறு மொழிக்கு மாற்றவோ பெற்றோர் முனைகிறார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அங்குள்ள பாடத்திட்டம் தோதானது. பேச்சுத் தமிழுக்கு அதில் மதிப்பு உண்டு, வாய்மொழித் தேர்வும் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இருப்பதில்லை என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் உயர்நிலை மாணவர்கள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற பொது நிலையங்களுக்குச் சென்று படிக்கிறார்கள். ஊரில் தமிழே படிக்காமல் வந்த பிள்ளை, கடல் கடந்து போய் அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை வீட்டார் வேண்டாமென்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டணத்தைக் குறைக்கவும் இடம் எளிதாகக் கிடைக்கவும் நிரந்தரவாசத்துக்கு அவசரமாக விண்ணப்பிப்போர், மகன் இருந்தால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளை, பதினாறரை வயதில் தேசிய சேவைக்கு (ராணுவம், காவல் போன்றவற்றில் ஆற்றவேண்டிய கட்டாயச் சேவைக்கு) பதிவு செய்துகொண்டு, பின்னர் இரண்டு ஆண்டுகள் முழுநேரச் சேவையாற்ற வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அங்கு படிக்கவோ வேலை செய்யவோ அவன் விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகும். ஏழு வயதுப் பையனைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பேசி முடிவெடுக்க வேண்டிய செய்தி இது.

பள்ளி காலை ஏழரை மணியளவில் தொடங்கி, தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகும் வீடானால், மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா என்பதைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஊர் திரும்புவதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது கடைசித் தவறு. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இந்தியாவில் ஏப்ரலிலோ ஜூனிலோ. இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு செல்பவர்கள் உள்ளூர்ப் பள்ளிக்காக முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கேயே சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளிகள் இருக்கின்றன. சிறு பிள்ளையோடு சென்றவர்கள் தொடக்கநிலை நான்கு முடிவதற்குள் தங்குவதா திரும்புவதா என்று தீர்மானித்துவிட வேண்டும். அதன் பிறகு வரும் இரண்டு ஆண்டுகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை நோக்கியே நகரும். அதன் நடுவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தால், அங்கு எழுதவேண்டிய தேர்வையும் எழுதாமல், இங்கு ஏழாம் வகுப்பின் பாதியில் இந்தியையோ சமூக அறிவியலையோ அது முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.