ஐபி முகவரியிலிருந்து மேக் முகவரிக்கு: ஏஆர்பி வேலை செய்வதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம்

வீட்டு வைஃபையில் லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்கு ஒரு பக்கம் அனுப்புகிறீர்கள். லேப்டாப்புக்குத் தெரிந்தது பிரிண்டரின் ஐபி முகவரி மட்டும்; 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் ஐபி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவற்றுக்குத் தேவை நெட்வொர்க் கார்டின் 48 பிட் மேக் முகவரி. இந்த ஐபிக்கு எந்த மேக் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் ஏஆர்பி. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் ஆர்எஃப்சி 826 என்ற ஆவணத்தில் எழுதிய முறை இது. 192.168.1.20 போன்ற ஐபிவி4 முகவரிகள் உள்ள நெட்வொர்க்குகளில் இன்றும் இதுதான் ஓடுகிறது.

கீழே வரும் கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: அட்டவணையைத் திறந்து பாருங்கள்

ஏஆர்பி கண்டுபிடித்த ஐபி, மேக் ஜோடிகளை உங்கள் கணினி ஓர் அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். அதைப் பார்க்க விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட், ஆப்பிளின் மேக் கணினியில் டெர்மினல். இரண்டிலும் 'ஏஆர்பி -ஏ' போதும். லினக்ஸில் 'ஐபி என்'.

ஒவ்வொரு வரியிலும் ஓர் ஐபி, அதற்குப் பக்கத்தில் 02-11-45-67-90-38 போல ஆறு ஜோடிகள். அதுதான் மேக் முகவரி. விண்டோஸில் 'டைனமிக்' என்று இருப்பவை கேட்டுத் தெரிந்துகொண்டவை. 224, 239, 255 என்று தொடங்கி 'ஸ்டாட்டிக்' என்று நிற்கும் வரிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை பலருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரிகள். இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை.

படி 2: துடைத்துவிட்டு, பக்கத்துச் சாதனத்தைக் கூப்பிடுங்கள்

அட்மின் அனுமதியோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஏஆர்பி -டி' ('டெலீட்' என்பதன் முதல் எழுத்து), ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக்குறி. லினக்ஸில் 'சுடோ ஐபி என் ஃபிளஷ் ஆல்'. துடைத்த மறுநொடியே ரவுட்டரின் வரி திரும்ப வந்து நிற்கும். பின்னணியில் ஏதாவது ஒரு செயலி இணையத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் அப்படி.

இப்போது உங்கள் ஃபோனின் ஐபிக்கு 'பிங்' (ஒரு சாதனம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துவிட்டு அட்டவணையை மறுபடி பாருங்கள். புதிதாக ஒரு வரி வந்திருக்கும். ஃபோனின் ஐபி 192.168.1.5, உங்கள் கணினியுடையது 192.168.1.8 என்று வைத்துக்கொண்டால், இடையில் நடந்தது இதுதான்: "192.168.1.5 யாரிடம் இருக்கிறது? 192.168.1.8-க்குச் சொல்லுங்கள்" என்று உங்கள் கணினி எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்பியது. தெருமுனையில் நின்று பெயர் சொல்லி வீடு விசாரிப்பது மாதிரி. பெறுபவர் இடத்தில் எஃப் என்ற எழுத்து 12 முறை இருக்கும். அது 'அனைவருக்கும்' என்ற முகவரி. எல்லாச் சாதனங்களும் கேட்கும், அந்த ஐபி உள்ள ஃபோன் மட்டும் பதில் சொல்லும். பதில் எல்லோருக்கும் போகாது, கேட்டவருக்கு மட்டும். கேள்வியிலேயே உங்கள் ஐபியும் மேக்கும் இருப்பதால் ஃபோனும் உங்களைக் குறித்துக்கொள்ளும். கேள்வியும் சரி, பதிலும் சரி, வெறும் 28 பைட்.

தெரிந்துகொண்டதை விண்டோஸும் லினக்ஸும் 15 முதல் 45 விநாடி வரை சந்தேகப்படாமல் நம்பும். அப்புறம் வரி அழியாமல் இருந்தாலும், தேவை வரும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும்.

வரி வரவில்லையா? கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க விடமாட்டார்கள்.

படி 3: வெளி உலகத்துக்கு ஒரு பிங்

கூகுளின் 8.8.8.8-க்கு பிங் கொடுங்கள். பதில் வரும். ஆனால் அட்டவணையில் 8.8.8.8 இருக்காது, எத்தனை முறை பார்த்தாலும் சரி.

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஏஆர்பி கேள்வி உங்கள் ரவுட்டரைத் தாண்டிப் போகாது. கணினி முதலில் சப்நெட் மாஸ்க்கை வைத்து, இந்த ஐபி நம் நெட்வொர்க்குக்குள்ளா வெளியேவா என்று கணக்குப் போடும். மாஸ்க் 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால்தான் உள்ளே. வெளியே என்றால் அது தேடுவது கேட்வேயின் மேக்கை, அதாவது ரவுட்டருடையதை. பாக்கெட்டில் பெறுபவர் ஐபி 8.8.8.8, பெறுபவர் மேக் உங்கள் ரவுட்டருடையது. ரவுட்டர் அதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும்போது மேக் முகவரிகள் மாறும், பெறுபவர் ஐபி அப்படியே இருக்கும். இது பிடிபட்டுவிட்டால் ரவுட்டிங்கில் பாதி புரிந்த மாதிரி.

படி 4: யாருமே இல்லாத ஐபிக்கு ஒரு பிங்

உங்கள் நெட்வொர்க்கிலேயே யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணுக்கு பிங் கொடுங்கள். விண்டோஸ், உங்கள் ஐபியிலிருந்தே பதில் வந்த மாதிரி 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று சொல்லும். ஏஆர்பி கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று அர்த்தம். லினக்ஸ் அட்டவணையில் அதே இடத்தில் 'ஃபெயில்ட்' என்று தெரியும்.

'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தால் கதை வேறு. அட்டவணையில் அந்த ஐபி புதிதாக வந்திருந்தால், சாதனம் உயிரோடுதான் இருக்கிறது. பிங்கை ஃபயர்வால் தடுக்கிறது, அவ்வளவுதான். பிங்கைத் தடுக்கும் சாதனமும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அதோடு யாருமே பேச முடியாது. பிரிண்டரோ சிசிடிவி கேமராவோ கிடைக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அட்டவணையில் வினோதமாகப் படும் இரண்டு விஷயங்கள்

மேக்கின் முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் காட்டும் என்று படித்திருப்பீர்கள். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அதை நம்ப வேண்டாம். அது மென்பொருள் வைத்த முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் வைஃபைக்கு இப்படி ஒரு முகவரியைத் தாங்களே உருவாக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, ரவுட்டரின் ஐபிக்கும் வேறொரு ஐபிக்கும் ஒரே மேக் இருப்பது. ஏஆர்பியில் பதில் சொல்பவர் உண்மையானவரா என்று பார்க்க வழியே கிடையாது. "கேட்வே நான்தான்" என்று யார் சொன்னாலும் கணினி நம்பிவிடும். ஏஆர்பி ஸ்பூஃபிங் என்பது அதுதான். ஆனால் உடனே பதற வேண்டாம். வீட்டில் வைஃபை எக்ஸ்டெண்டர் இருந்தால் அதன் பின்னால் உள்ள பல சாதனங்களுக்கும் ஒரே மேக் தெரிவது சகஜம். முதலில் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள மேக்கோடு ஒப்பிடுங்கள். கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிரண்டு தள்ளியிருந்தால் பரவாயில்லை. ஒரே ரவுட்டரின் வைஃபைக்கும் கேபிள் போர்ட்டுக்கும் தனித்தனி மேக் இருக்கும்.