தேதி போடாத பழைய ஆயில் பெயிண்டிங் வீட்ல இருந்தா எப்படிப் பாக்குறது

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய வீட்டு ரேழியிலயோ பரண்லயோ மாடு, ஆடு, ஓடை, பெரிய மரம்னு ஒரு ஆயில் பெயிண்டிங் கிடைச்சா எல்லாரும் முதல்ல தேடுறது மூலையில கையெழுத்தும் வருஷமும்தான், அது இல்லைன்னா தொடைச்சா தெரியுமோன்னு ஈரத்துணிய எடுத்துடுவாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. எங்க தாத்தா வீட்டுப் படத்துல சித்தப்பா தேங்கா எண்ணெய் தடவுனாரு, ரெண்டு மாசம் பளபளன்னு இருந்துச்சு, அப்புறம் தூசியெல்லாம் ஒட்டி வானமே கருத்துப் போச்சு, இன்னைக்கும் பாத்தா மனசு வலிக்குது.

முதல்ல அது கையால வரைஞ்சதான்னு பாருங்க. 19-ம் நூற்றாண்டுக் கடைசில ஓலியோகிராஃப்னு ஆயில் பெயிண்டிங் மாதிரியே தெரியுற அச்சுப் படம் வீட்டுக்கு வீடு வந்துச்சு, அதுல துணி மாதிரி சொரசொரப்புகூட அமுக்கி வச்சிருப்பாங்க, அதனால தடவிப் பாத்து நம்பாதீங்க. பத்து மடங்கு லென்ஸ் வச்சுப் பாருங்க, சின்னச் சின்னப் புள்ளியா தெரிஞ்சா அச்சு.

அடுத்து பின்பக்கம், எனக்கு முன்பக்கத்தைவிட இதுமேலதான் நம்பிக்கை. கவுத்துப் போட்டா பெயிண்ட் உதிரும், ரெண்டு பேரா நிக்க வச்சுப் பிடிச்சுப் பாருங்க. துருப்பிடிச்ச சின்ன ஆணி அடிச்சிருந்தா பழசா இருக்க வாய்ப்பு, ஸ்டேப்ளர் பின்னா ஒண்ணு படமே புதுசு, இல்லைன்னா பிற்காலத்துல யாரோ கேன்வாஸைத் திரும்ப இழுத்துக் கட்டிருக்காங்க. கேன்வாஸ்ல கடை முத்திரை இருந்தா அதிர்ஷ்டம்தான்: வின்சர் அண்ட் நியூட்டன்னு இருந்தா 1832-க்கு முன்னாடி வரைஞ்சிருக்க முடியாது, ஏன்னா அந்தக் கம்பெனி லண்டன்ல ஆரம்பிச்சதே அந்த வருஷம்தான். லேப்ல பெயிண்ட் டெஸ்ட் பண்ணி, முதல்ல பூசுன வெள்ளைலயே டைட்டானியம் இருந்தா அது 20-ம் நூற்றாண்டுலயோ அதுக்கு அப்புறமோ வரைஞ்ச படம், ரொமாண்டிக் காலம்ங்கிற (காதல் இல்ல, 19-ம் நூற்றாண்டு முதல் பாதில இயற்கையை உணர்ச்சியோட வரைஞ்ச ஐரோப்பிய ஓவியக் காலம்) பேச்சே இல்ல.

இப்ப மாட்டைப் பாருங்க, இதுக்கு நம்ம டெல்டா கண்ணே போதும். நம்ம உம்பளச்சேரி மாட்டுக்குத் திமில் உண்டு, நெத்தில வெள்ளை உண்டு. படத்துல திமிலே இல்லாம முதுகு நேரா இருந்து, பக்கத்துல கம்பளி அடர்ந்த ஆடும் நின்னா அது பெரும்பாலும் ஐரோப்பியக் காட்சி. ஆனா காட்சி ஐரோப்பாங்கிறதால வரைஞ்சது அங்கதான்னு ஆகிடாது, அதே மாதிரி இடி மேகம், பாதிப் படத்துக்கு வானம், ஒரு ஓரத்துல குட்டியா மேய்ப்பன்னு இருந்தா அது ரொமாண்டிக் பாணி, அவ்வளவுதான். இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிள் 1821-ல வரைஞ்ச 'தி ஹே வெய்ன்', அதான் தண்ணிக்குள்ள குதிரைவண்டி நிக்குமே, அதைப் பாத்து இன்னைக்கும் வரையுறாங்க. பாணிய வச்சு வருஷம் சொல்றவங்கள நம்பிப் பணம் குடுத்துடாதீங்க.

கையெழுத்து இருந்தாலும் லென்ஸ்ல பாருங்க, பெயிண்ட் வெடிச்ச கோட்டுக்குள்ள மை எறங்கியிருந்தா ரொம்ப நாள் கழிச்சுப் போட்டதுன்னு சந்தேகப்படலாம். ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, கடைல ரூபா நோட்டு செக் பண்ற ஊதா லைட்ட அடிச்சா பழைய வார்னிஷ் பச்சையா மங்கலா ஒளிரும், அதுக்குமேல பிற்காலத்துல பெயிண்ட் பூசி ஒட்டுப்போட்ட இடம் கருப்பா திட்டுத்திட்டா தெரியும்.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்பக்கத்தையும் சேத்து. ஐப்பசி, கார்த்திகை மழைல ஓதம் ஏறுற வெளிச்சுவத்துல மாட்டாதீங்க, சாமி விளக்குப் புகை படுற இடமும் வேண்டாம், உள்சுவத்துல மாட்டி பின்னாடி நாலு மூலைக்கும் ஒரு கட்டை குடுத்து காத்து போக விடுங்க.