மருத்துவமனையில் நேர்ந்த மரணம்: உண்மையைக் கேட்டுப் பெறும் முறை

பினாங்கில் நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் மறுநாளே பத்து லஞ்சாங் மயானத்தில் தகனம் முடிந்துவிடுவது வழக்கம். ஆனால், தம் காலால் நடந்து வார்டுக்குள் போனவர் எதிர்பாராமல் இறந்து, காரணத்தை எவரும் தெளிவாகச் சொல்லாத நிலையில், தகனத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்பதையே முதலில் வலியுறுத்துகிறேன். புதைத்த உடலை மாஜிஸ்திரேட்டின் ஆணையோடு தோண்டி ஆராய இடமுண்டு. எரித்தபின் சவப் பரிசோதனைக்கு வழியே இல்லை.

நோயின் போக்கை அறிய மருத்துவமனை நடத்தும் சவப் பரிசோதனைக்குக் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். மரணத்தில் ஐயம் இருந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி போலீஸ் விசாரித்து, தேவையென்று கருதினால், சம்மதத்துக்குக் காத்திராமல் பரிசோதனைக்கு உத்தரவிடும். உடலைக் கூறு போடுவதா என்று பெரியவர்கள் கலங்குவது இயல்பு. அவர்களோடு பொறுமையாகப் பேசுங்கள். அந்த ஓரிரு நாள் தாமதம் பல ஆண்டுகள் மனத்தை அரிக்கும் ஐயத்தைத் தீர்க்கக்கூடும்.

அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த மருந்து ஏற்றினார்கள், வலி கூடியதைத் தாதியிடம் யார் சொன்னார்கள், மருத்துவர் எப்போது வந்தார் என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதுவது மிக முக்கியம், ஏனெனில் துக்கத்தில் இவை இரண்டும் கலந்துவிடும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

அடுத்து, மருத்துவமனை இயக்குநருக்குக் கடிதம் எழுதி, சிகிச்சையளித்த நிபுணரோடு சந்திப்பும் மருத்துவ அறிக்கையும் கேளுங்கள். இறப்புச் சான்றிதழையும் உறவை நிரூபிக்கும் ஆவணத்தையும் இணைத்து, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சந்திப்பில் மலாயும் தமிழும் நன்கறிந்த ஒருவர் உடனிருக்கட்டும். குற்றம் சாட்டும் தொனியில் தொடங்கினால், பேச வந்தவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

உள்விசாரணை நடப்பதாகச் சொன்னால், அதில் யார் யார் இருக்கிறார்கள், சிகிச்சையளித்தவர்களே விசாரிக்கிறார்களா, முடிவு எந்தத் தேதிக்குள் எழுத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். இத்தகைய விசாரணை பெரும்பாலும் தவறு மீண்டும் நேராமல் தடுக்கவே நடத்தப்படுகிறது. அதன் நோக்கம் தண்டிப்பதன்று. அதனால்தான் அதன் முடிவைக் குடும்பத்துக்கு மறைப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. என்ன தவறியது, இனி எதை மாற்றப் போகிறோம் என்று நேரில் சொல்லும் மருத்துவமனையை, இழப்பின் நடுவிலும் மக்கள் நம்புவார்கள்.

பதில் வராவிட்டால், அரசு மருத்துவமனை பற்றிச் சுகாதார அமைச்சின் சிஸ்பா புகார் முறையில் பதிவு செய்யலாம். தனியார் மருத்துவமனையிலோ, நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. மருத்துவரின் நடத்தை குறித்து மலேசிய மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம்; ஆனால் அது இழப்பீடு வழங்காது. எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

நீதிமன்றம் செல்ல எண்ணினால் கெடுவைக் கவனியுங்கள். அரசுக்கு எதிரான வழக்குக்கு 36 மாதமே கெடு. இறந்தவரைச் சார்ந்திருந்தோர் சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ்க் கோரும் இழப்பீட்டுக்கு, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். மருத்துவமனையின் பதிலுக்குக் காத்திருக்கும் காலத்துக்காக இந்தக் கெடு தானாக நீளாது. ஆகவே கடிதப் போக்குவரத்து நடக்கும்போதே, முதல் ஆண்டுக்குள், ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திலோ கோப்பைக் காட்டிவிடுங்கள்.